மீனுக்குக் கட்டிய பாறை

குமிழங்காட்டில் கொத்தனார்களைத் தவிர வேறு யாரும் இல்லை. அவர்கள் கட்டிய சுவருக்குள் ஓர் எறும்பு நுழைந்ததாக இதுவரை புகார் வந்ததில்லை. சில சுவர்களில் சன்னல் இல்லை என்று புகார் வந்ததுண்டு. அதை அவர்கள் புகாராக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஊர் வெயிலுகந்தானுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் தங்கபுஷ்பம், கடற்கரையில் அலங்கார மீன் வளர்க்கும் பண்ணை ஒன்றில் வேலை பார்ப்பவள். பயிற்சிக்காக வெளியூர் போகவேண்டி வந்தபோது, கடல்நீர் நிரப்பிய ஒரு கண்ணாடித் தொட்டியையும் அதில் இரண்டு ஆரஞ்சு நிற மீன்களையும் அவன் வீட்டில் கொண்டுவந்து வைத்தாள். மீன்கள் இரண்டும் ஒரு மூலையில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நடுங்கின.

“இதுகளுக்கு ஒளிய இடம் வேணும். கடல்ல இருந்து பவளப்பாறையை எடுக்கக் கூடாது, குத்தம். நீங்க கொத்தனாருங்கதானே, ஒரு பாறையைக் கையால செஞ்சு வைங்க” என்றாள்.

வெயிலுகந்தானோடு அவனுடைய தாய்மாமன் பேச்சிமுத்து மேஸ்திரியும், கூட்டாளிகள் இசக்கியப்பனும் சுடலைமணியும் கைகட்டி நின்று அவள் சொன்னதைக் கேட்டார்கள்.

“சிமெண்டு, நொறுக்கின சிப்பி, கல்லுப்பு மூணையும் கொழுக்கட்டை மாவு பதத்துக்குப் பிசையணும். ஈர மணல்ல குழி பறிச்சு அதுல வைக்கணும். இறுகினதும் அண்டாத் தண்ணியில ஊறப் போட்டு, தினமும் அந்தத் தண்ணியை இறைச்சுட்டுப் புதுசா கிணத்துத் தண்ணி ஊத்தணும். உப்பு கரைஞ்சு துளை துளையா விழும். இது தண்ணியைச் சோதிக்கிற காகிதம், இதை அண்டாத் தண்ணியிலயும் கிணத்துத் தண்ணியிலயும் முக்கிப் பாருங்க. ரெண்டும் ஒரே நிறம் காட்டினா பாறை தயார்.”

கிளம்பும்போது வெயிலுகந்தானை மட்டும் பார்த்துச் சொன்னாள்: “இந்த மீனுக்கு எப்படி வீடு அமைக்கிறீங்களோ, அதை வெச்சுத்தான் எனக்கு எப்படி அமைப்பீங்கன்னு பார்ப்பேன். பிடிச்சிருந்தாத்தான் கல்யாணம்.”

அந்த வார்த்தை வெயிலுகந்தானின் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது. அன்று அவன் சோறு சரியாகச் சாப்பிடவில்லை.

முதல் சிக்கல் கொழுக்கட்டையில் வந்தது. அதன் மாவுப் பதம் நால்வரில் எவருக்கும் தெரியாது. ஆகவே உண்மையான கொழுக்கட்டை மாவு ஒரு சட்டியிலும் சிமெண்டுக் கலவை இன்னொரு சட்டியிலும் பிசையப்பட்டன. இரண்டையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்து, பதம் அணுவளவும் பிசகாமல் ஒன்றாக வந்தபின், எது எது என்பது தெரியாமல் போயிற்று. இரண்டிலும் பாதியை மணலில் புதைத்தார்கள். மீதியை ஆவியில் வேக வைத்தார்கள். சுடலைமணி ஒன்றை எடுத்துக் கடித்தான்.

“உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குவே” என்றவன், வாயிலிருந்து ஒரு பல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். “ஆனா நல்ல உறுதி.”

மணலில் புதைத்ததில் மாவை எறும்பு தின்றுவிட்டது. ஆகவே மிச்சமிருந்தது பாறை என்று முடிவாயிற்று.

பாறையை அண்டாவில் ஊறப் போட்டார்கள். மறுநாள் தண்ணீரை இறைத்துக் கீழே கொட்டப்போன இசக்கியப்பனின் கையைப் பேச்சிமுத்து பிடித்துக்கொண்டார்.

“ஏலே, கோடையில தண்ணியைக் கீழ கொட்டுவியா? எங்க இருந்து எடுத்தியோ அங்கயே ஊத்து.”

நியாயமாகப் பட்டது. அன்றுமுதல் அண்டாத் தண்ணீர் கிணற்றுக்கும், கிணற்றுத் தண்ணீர் அண்டாவுக்கும் ஒழுங்காகப் போய் வந்தது. வெயிலுகந்தான் தினமும் காகிதத்தை இரண்டிலும் முக்கினான். நிறங்கள் நாளுக்கு நாள் நெருங்கி வந்தன. அந்தக் கிணற்றுத் தண்ணீரில் போட்ட ஊர்த் தேநீர் சுண்ணாம்பு வெள்ளையாக மாறிய வாரத்தில், இரண்டும் ஒரே நிறம் காட்டின. அவன் ஆனந்தத்தில் அழுதே விட்டான்.

ஆனால் பாறையை வெளியே எடுத்ததும் நால்வர் முகமும் வாடிப்போயிற்று. உப்பு கரைந்த இடமெல்லாம் ஓட்டை.

“என் கையால போட்ட கலவையில ஓட்டையா!” என்று பேச்சிமுத்து மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “வெளியில தெரிஞ்சா எவன்டே நம்மள வேலைக்குக் கூப்பிடுவான்?”

“துளை விழும்னு அவ சொன்னாளே, மாமா” என்றான் வெயிலுகந்தான் தயங்கித் தயங்கி.

“விழும்னுதானே சொன்னா? விட்டு வைக்கச் சொன்னாளா? மழை வரும்னு ஒருத்தர் சொன்னா, போய் நனைன்னா அர்த்தம்? முன்கூட்டியே எச்சரிச்சிருக்கா. நல்ல இடத்துப் பொண்ணு, மாப்ள. விட்டுடாதே.”

வெயிலுகந்தானுக்கு அவள்மேல் மதிப்பு இன்னும் கூடியது. நால்வரும் உட்கார்ந்து ஒரு துளை பாக்கியில்லாமல் அடைத்தார்கள். அடைத்ததன்மேல் பூச்சு, பூச்சின்மேல் இன்னொரு பூச்சு, கடைசியில் முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்கு மெழுகல். இத்தனையும் முடிந்தபோது பாறை ஆட்டுக்கல் அளவுக்குப் பருத்துவிட்டது, தொட்டிக்குள் நுழையவில்லை.

வெயிலுகந்தான் மீன்களைப் பார்த்தான். அவை மூலையில் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. அவள் திரும்பும் நாளோ நெருங்கிவிட்டது.

“கல்யாணம் போச்சு” என்றான்.

“பதறாதேடே. மீன் எங்க இருக்கணும்?” என்று கேட்டான் இசக்கியப்பன்.

“பாறைக்குள்ள.”

“தொட்டி பாறைக்கு வெளியில இருக்கணும்னு சொன்னாளா?”

வெயிலுகந்தான் அவள் சொன்னதையெல்லாம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். “சொல்லல.”

“பிறகென்ன? பாறை தொட்டிக்குள்ள போகலைன்னா, தொட்டி பாறைக்குள்ள போகட்டும்.”

பேச்சிமுத்து எழுந்து அவனைத் தழுவிக்கொண்டார். மறுபடியும் கலவை பிசைந்து, தொட்டியைச் சுற்றி நான்கு பக்கமும் பாறை எழுப்பினார்கள். பழைய பாறையை மேல்மூடியாக வைத்து, தீனி போடவும் காற்றுக் குழாய் இறங்கவும் ஒரே ஒரு துளை மட்டும், மனமில்லாமல், விட்டார்கள். வேலை அவர்களுக்கே அத்தனை பிடித்துப்போயிற்று. உற்சாகம் குறையாமல் கொல்லைப் பக்கம் இன்னொரு வேலையையும் தொடங்கிவிட்டார்கள்.

தங்கபுஷ்பம் வந்தாள். கொடுத்த தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள். கூடத்தில் நின்ற சிமெண்டுக் கட்டியைச் சுற்றி வந்தாள்.

“மீன் எங்கே?”

“ஒளிஞ்சிருக்கு” என்றான் வெயிலுகந்தான் பெருமையோடு.

“நல்லா இருக்கா? பார்த்தீங்களா?”

“பார்க்க முடிஞ்சா அது எப்படி ஒளிஞ்சதா ஆகும்? கட்டி முடிச்ச நாளிலேர்ந்து ஒருத்தர் கண்ணுலயும் படல!”

அவள் டார்ச் விளக்கை எடுத்துத் துளை வழியே எட்டிப் பார்த்தாள். இருட்டில் இரண்டு ஆரஞ்சு மீன்களும் சாவகாசமாக நீந்திக்கொண்டிருந்தன. நடுக்கம் நின்றிருந்தது. தங்களை உற்றுப் பார்க்க நான்கு கொத்தனார்கள் இல்லாததே அவற்றுக்குப் போதுமாக இருந்ததோ என்னவோ. அவள் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. கோபமா சிரிப்பா என்று வெயிலுகந்தானால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“உசிரோட இருக்கு” என்றாள் கடைசியில். “அதுவரைக்கும் சரி.”

“அப்போ உன் வீட்டையும் பார்த்திடு” என்று வெயிலுகந்தான் அவளைக் கொல்லைக்கு அழைத்துப் போனான். “மீனுக்கு எப்படியோ, அப்படியேதான் உனக்கும். கொஞ்சமும் குறை வைக்கல.”

அங்கே புத்தம்புதிதாக ஓர் அறை நின்றது. நான்கு சுவர்களும் கண்ணாடிபோல் மெழுகியிருந்தன. வாசல் இல்லை, சன்னல் இல்லை. கூரையில் மட்டும் ஒரு துளை.

“உள்பூச்சும் இதே மாதிரிதான், மழமழன்னு இருக்கும்” என்றார் பேச்சிமுத்து.

“உள்பூச்சை யார் பூசினது?”

“நம்ம சுடலைமணி.”

“அவர் எங்கே?”

கூரைத் துளையிலிருந்து ஒரு குரல் கேட்டது: “மதினி வந்தாச்சா? வாங்க வாங்க. அப்படியே டீ ஊத்துறவங்க கொஞ்சம் பார்த்து ஊத்தச் சொல்லுங்க, நேத்து தலையில ஊத்திட்டாங்க.”

தங்கபுஷ்பம் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்: “இதுக்கு ஒரு வாசல் வைங்க. வெச்சதும் சொல்லி அனுப்புங்க. அப்புறம் நாள் குறிக்கலாம்.”

வெயிலுகந்தானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நல்ல நேரம் பார்த்து, தேக்கு வாசல்நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, தூக்குக் குண்டு பிடித்து நேராக நிறுத்தினார்கள். கதவு மாட்டினார்கள். தாழ்ப்பாள், பூட்டு, மாவிலைத் தோரணம் எதிலும் குறையில்லை. சுவரை உடைப்பது பற்றி இசக்கியப்பன் ஒரு வார்த்தை எடுத்தான்தான். நன்றாகக் கட்டிய சுவரில் குமிழங்காட்டுக் கொத்தன் கைவைப்பதா என்று பேச்சிமுத்து கேட்டதும், அவனே வெட்கப்பட்டு, நிலையைச் சுவரோடு ஒட்டி இன்னும் அழுத்தமாகப் பூசினான்.

வாசல் வைத்தாயிற்று என்று வெயிலுகந்தான் அன்றே சொல்லி அனுப்பினான். பிறகு, தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்க்கக் கதவை ஒருமுறை பலமாகத் தட்டினான்.

“யாரோ வாசல்ல நிக்காங்கவே!” என்று கூரைத் துளையிலிருந்து சுடலைமணி கத்தினான். “எனக்கு இங்க கைவேலை இருக்கு. யாராவது போய்த் திறந்து, உள்ள வரச் சொல்லுங்க!”