நான்கு இலைகள்

பாரசீக ஓவியத்தில் அரசர்கள் எல்லோருக்கும் ஒரே முகம்தான். வட்ட நிலா, சிறிய வாய், மை தீட்டிய நீள்கண். வென்றவனை உடையாலும் தோற்றவனைக் குதிரை ஓடும் திசையாலும்தான் அடையாளம் காண வேண்டும். பெஹ்ராம் என்ற ஓவியர் தோற்று ஓடும் அரசன் ஒருவனை இந்த வழக்கப்படியே வரைந்தார். அந்த முகத்தில் நகர ஆளுநர் தன்னைக் கண்டுபிடித்துக்கொண்டார். மரண தண்டனை விதிக்கப்பட்டது.

ஆனால் ஆளுநர் கலை ரசிகர். அவருக்காகத் தயாராகிவந்த காவியப் பிரதியில் இன்னும் ஓர் ஓவியம் பாக்கி இருந்தது. "அதை முடிக்கட்டும், பிறகு தலையை எடுங்கள்" என்றார். பக்கம் கைக்கு வந்தபின் பத்து நாள் அவகாசம். அதற்குள் ஒரு நாள் முழுக்கத் தூரிகை படாமல் போனால் ஓவியம் முடிந்ததாகக் கொள்ளப்படும். மறுநாள் காலை வாள்.

ஓவியரின் மனைவி மாஹ்பானு அன்றே மன்னருக்குக் கருணை மனு அனுப்பினாள். தலைநகரம் போகப் பதினெட்டு நாள், வர பதினெட்டு நாள்.

இத்தகைய நூல்களில் எழுத்து முதலில், ஓவியம் பிறகு. எழுதுபவர் உரிய செய்யுள் வரை எழுதிவந்து, ஓவியத்துக்கு இடம்விட்டுப் பக்கத்தைக் கொடுப்பார். எழுதுபவர் நஜ்முத்தீன், பெஹ்ராமின் இருபதாண்டு நண்பர். நாளுக்கு ஒரு பக்கம் என்பது பிரதி தயாராகும் ஆளுநர் நூலகத்தின் விதி. பக்கத்துக்கு இருபது ஈரடிகள். ஓவியத்துக்கு முன் நூற்றறுபது ஈரடிகளே மிச்சம். எட்டு நாளில் முடிந்துவிடும்.

எழுதுபவர்களிடம் ஒரு பழைய தந்திரம் உண்டு. ஓவியம் சரியான செய்யுளுக்கு அருகில் விழவேண்டுமென்றால், அதற்கு முந்தைய பக்கத்தில் வரிகளைச் சாய்வாக எழுதி, மூலைகளைத் தங்கத்தால் நிரப்பி, எட்டே ஈரடிகளில் பக்கத்தை முடிப்பார்கள். வழக்கமாக ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. நஜ்முத்தீன் இருபது பக்கங்களைச் சாய்த்தார். மலைச்சரிவில் பறவைகள் இறங்குவதுபோல எழுத்துகள் இறங்கின. ஆளுநர் பார்த்துச் சொக்கிப்போனார்.

எழுத்துக்கு இருபது, ஓவியத்துக்குப் பத்து. அப்படியும் மன்னரின் பதில் வர ஆறு நாள் குறைந்தது.

"உஸ்தாத், நீங்களே ஆறு பக்கம் எழுதிவிடுங்கள்" என்றாள் மாஹ்பானு.

"கவிஞரின் சொல்லில் ஒன்றைக் கூட்டமாட்டேன், ஒன்றைக் குறைக்கமாட்டேன் என்று பேனாவைத் தொட்ட நாளில் சத்தியம் செய்தவன் நான்."

"யார் படிக்கப்போகிறார்கள்?"

"இதைப் பார்த்து நகலெடுப்பவர்கள் எல்லோரும். முந்நூறு வருடத்துக்கு."

அவள் அவர் கதவோரம் உட்கார்ந்தாள். மாலைவரை எழவில்லை. மறுநாள் நஜ்முத்தீன் தன் சொந்தச் சரக்கில் எட்டு ஈரடிகள் எழுதினார்.

ஒவ்வொரு பக்கத்தையும் மூலப் பிரதியோடு ஒப்பிட்டு முத்திரை வைப்பது நூலகத் தலைவர் சாதுல்லாவின் வேலை. தவறான பக்கத்தில் முத்திரை வைத்தால் அவர் தலைக்கும் உத்தரவாதமில்லை. மேலும், ஒரு கிண்ணம் நீலக்கல் பொடியை யார் கொட்டியது என்ற தகராறில் அவருக்கும் பெஹ்ராமுக்கும் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சாதுல்லா மூலத்தைப் புரட்டினார். மறுபடி புரட்டினார்.

"இது எந்தப் பிரதியில் இருக்கிறது?"

நஜ்முத்தீன் பக்கத்தைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார்.

"மூன்றாவது ஈரடி நொண்டுகிறது" என்றார் சாதுல்லா. "கவிஞர் குடித்துவிட்டுக்கூட இப்படி எழுதியிருக்கமாட்டார். நாளைக்காவது ஒழுங்காக எழுதும்." முத்திரை வைத்தார். ஆறு நாளும் வைத்தார்.

இருபத்தாறாம் நாள் மாலை ஏடுகள் பெஹ்ராமின் அறைக்கு வந்தன. அவர் படித்தார், புரிந்துகொண்டார். சோறு கொண்டுவந்த மனைவியிடம், "நஜ்முத்தீனின் கவிதையைத் தாண்டி வந்தவனுக்கு வாளெல்லாம் ஒரு பொருட்டா?" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

பத்து நாளும் தூரிகை நகர்ந்தாலே போதும். ஆனால் அது ஒரு மாதமாக வண்ணம் தொடாத கை; தொட்டதும் நிற்க மறுத்தது. ஓடைக்கரையில் தனியாக ஒரு சினார் மரம், அதன் கீழே நாடிழந்த இளவரசன், தங்க வானம். ஆறாம் நாள் மாலை ஓவியம் முடிந்துவிட்டது.

"இனி தினம் ஓர் இலை போடுங்கள்" என்றாள் மாஹ்பானு. "நாலு நாள், நாலே இலை."

"எங்கே போடுவது? நீயே காட்டு."

அவள் விரலால் ஒரு கிளையைக் காட்டினாள்.

"அங்கே போட்டால் மரம் சாய்ந்துவிடும்."

"சாயட்டுமே! மரம்தானே! அவர் ஆறு நாளாய்ப் பொய் எழுதினாரே, யாருக்காக?"

"தெரியும்" என்றார் பெஹ்ராம். தூரிகையை நீரில் முக்கினார். மரத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டார்.

ஏழாம் நாள் தூரிகை படவில்லை. எட்டாம் நாள் காலை தண்டனை நிறைவேறியது. அதற்கு இரண்டு நாள் கழித்து, மனு அனுப்பிய முப்பத்தாறாம் நாள், மன்னரின் மன்னிப்புக் கடிதம் வந்து சேர்ந்தது.

நண்பனுக்காகச் சத்தியத்தை மீறிய நஜ்முத்தீன், பொய்யென்று அறிந்தே முத்திரை வைத்த சாதுல்லா, ஓர் இலையைக்கூட அதிகம் போட மறுத்த பெஹ்ராம். இம்மூவரில் யார் செய்தது சரி?

விடை: சாதுல்லா செய்ததே சரி. நஜ்முத்தீன் நட்புக்குக் கடன்பட்டவர். மேலும் அவர் வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சாதுல்லாவிடம் யாரும் கெஞ்சவில்லை. தனக்குப் பிடிக்காத மனிதனுக்காகத் தன் தலையைப் பணயம் வைத்துவிட்டு, அதை ஒரு வசவுக்குள் மறைத்துக்கொண்டார். பெஹ்ராம் செய்தது அழகு. அந்த மரத்தைப் பார்த்தவர்கள் அதை மறுக்கமாட்டார்கள். ஆனால் அவர் வேண்டாமென்று வைத்த நான்கு நாட்கள் அவருடையவை அல்ல.