தூக்கிப் பிடிக்க இரண்டு பேர்

குடியாத்தத்தைத் தாண்டி ஒரு மலைமேல் சிறிய மடம் இருந்தது. அதன் குரு வேதநாயகி அம்மாள். அவருடைய சிஷ்யர் ஏகாம்பரம் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். அரிசி ஆலை முதலாளி. மலைக்குக் கீழே உள்ள ஊர்களில் அநேகமாக எல்லா வீட்டிலிருந்தும் ஒருவர் பட்டாளத்துக்குப் போயிருப்பார். அந்தக் குடும்பங்களுக்கு உதவ ஏகாம்பரம் ஓர் அறக்கட்டளை நடத்தினார்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் அவர் மடத்துக்கு வந்தார். மேலே கார் ஏறாது. நடந்தே வந்ததில் முகம் சிவந்திருந்தது. பாதி வெயில், பாதி கோபம்.

குரு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு கேள்வி. கொடுக்கிற கையைத் தட்டிவிடுறவங்களுக்கு இன்னும் கொடுக்கணுமா?"

"யார் தட்டிவிட்டது?"

"ஹவில்தார் துளசிராமனோட சம்சாரம், கோமளவல்லி."

துளசிராமனைக் குருவுக்குத் தெரியும். எல்லையில் மண் சரிந்து முதுகெலும்பு முறிந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. மூன்று வருடமாகப் படுக்கைதான்.

"என்ன செஞ்சாங்க?"

"காலையில அவர் வீட்டுக்குப் போனோம். தொண்டருங்க இருபது பேர். எல்லாருக்கும் ஒரே மாதிரி டி-ஷர்ட், நெஞ்சுல படம் போட்டு."

"ஹவில்தார் படமா?"

ஏகாம்பரம் கொஞ்சம் தயங்கினார். "இல்லம்மா. என் படம்."

"சரி. மேல சொல்லுங்க."

"மேளம் வெச்சிருந்தோம். என் கையால அவருக்குப் பொன்னாடை போர்த்தினேன். அந்தம்மா அதை உருவி வீசிட்டாங்க. போட்டோக்காரன் தலையில போய் விழுந்துச்சு. ஊரே சிரிக்குது. ராணுவ வீரனுக்குப் போட்ட பொன்னாடை அது! மரியாதை தெரிய வேணாம்?"

"வீசுறதுக்கு முன்னாடி ஏதாவது கேட்டாங்களா?"

"என்னமோ கேட்டாங்க. மேளச் சத்தத்துல யார் காதுல விழுது? முதல்ல கொஞ்சம் தண்ணி கொடுங்கம்மா. தொண்டை ஒட்டிக்கிச்சு."

குரு கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். ஒரு பொன்னாடையோடு வந்தார். போன குருபூஜைக்கு ஏகாம்பரம் அவருக்குப் போர்த்தியது. அதை ஏகாம்பரத்தின் தோளில் போர்த்திவிட்டுக் கை தட்டினார்.

ஏகாம்பரம் விழித்தார். "அம்மா, தண்ணி கேட்டேன்."

குரு மறுபடி உள்ளே போனார். இன்னொரு பொன்னாடை. அதற்கு முந்திய வருடத்தது. அதையும் போர்த்தினார். கை தட்டினார்.

"அம்மா, மயக்கமா வருது. தண்ணி."

மூன்றாவது பொன்னாடை வந்தது.

"தண்ணின்னு கத்திக்கிட்டிருக்கேன், காது கேட்கலையா?"

மூன்றையும் பிடுங்கித் தரையில் அடித்தார் ஏகாம்பரம். ஒன்று பாத்திரம் துலக்கிய சாம்பல் தண்ணீரில் போய் விழுந்தது. அதைப் பார்த்ததும் அவர் கை அப்படியே நின்றது.

குரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் குடித்து முடித்ததும் கேட்டார்.

"இப்ப சொல்லுங்க. அந்தம்மா என்ன கேட்டாங்க?"

ஏகாம்பரம் சொம்பைக் கீழே வைத்தார். குரல் இறங்கிவிட்டது.

"மெத்தை ஈரமா இருக்காம். அவருக்கு முதுகெல்லாம் புண்ணு. கூட இருந்து தூக்கின கொழுந்தனும் திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டானாம். தனியா புரட்ட முடியலைன்னாங்க. ரெண்டு பேர் தூக்கிப் பிடிச்சா கழுவி, மெத்தையை மாத்திடுவேன்னாங்க."

"இருபது பேர் இருந்தீங்க."

"அடுத்த வீட்டுக்கு நேரமாச்சு. பசங்களும் வெள்ளை டி-ஷர்ட் அழுக்காயிடும்னு பார்த்தாங்க." அவர் குனிந்துகொண்டார். "வண்டியில ஏறுங்கடான்னு நான்தான் சொன்னேன்."

"வேற என்ன சொன்னாங்க?"

"புண்ணு எலும்பைத் தொட்டுட்டா ஆள் பிழைக்க மாட்டார்னு டாக்டர் சொல்லியிருக்காராம்."

"மேளச் சத்தத்துல இவ்வளவும் காதுல விழுந்திருக்கு."

ஏகாம்பரம் நிமிர்ந்தார்.

"மில்லுல இருந்து ரெண்டு ஆளை அனுப்புறேன் அம்மா. தினமும் போகட்டும். சம்பளம் என்னோடது."

"அனுப்புங்க. எப்ப வருவாங்க?"

"நாளைக்குக் காலையில."

குரு அவரைப் பார்த்தார். அந்த முகத்தை ஏகாம்பரம் அதுவரை பார்த்ததில்லை.

"அந்த மனுஷன் இன்னிக்குக் காலையிலேருந்து ஈரத்துல கிடக்கிறார்."

உள்ளே போய், துவைத்த பழைய வேட்டிகளையும் ஒரு சோப்பையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். ஏகாம்பரம் அவசரமாகக் கீழே கிடந்த பொன்னாடைகளைப் பொறுக்கினார்.

"அதை வைங்க. ஜரிகை புண்ணைக் கிழிக்கும்."

குரு வெயிலில் இறங்கி நடந்தார்.

"அம்மா, நீங்களேவா போறீங்க?"

குரு திரும்பிப் பார்க்கவில்லை.

"ரெண்டு பேர் வேணும்னு கேட்டாங்க. நான் ஒருத்தி போறேன்."