ஆறு படி அரிசி

கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது.

கீழமுனையில் நண்டுச் சதையை டப்பாவில் அடைத்துக் கப்பலேற்றும் கம்பெனி ஒன்று. அறுபது பெண்கள், வாரம் ஆறு நாள் வேலை. வாசலில் இட்லி விற்கும் ரோஸ்லின் தினமும் ஆறு படி அரிசி ஊறப்போடுவாள்.

வெளிநாட்டுக்காரன் கொள்முதலைக் குறைத்தான். "இனி இருபது பேர் போதும். மத்தவங்க நின்னுக்கிடுங்க" என்றார் மேஸ்திரி ஞானதுரை.

"யாரை நிப்பாட்டுவிய?" என்றாள் அறுபதில் ஒருத்தியான அருளாயி. "முறை வச்சு வாரோம். ஆளுக்கு வாரம் ரெண்டு நாள்."

மேஸ்திரியும் ஒத்துக்கொண்டார். பதிவேட்டில் ஒருத்தி பெயரையும் அடிக்கவில்லை.

பக்கத்து மேலக்கரையிலும் இதே தொழில், அறுபது பேர். அங்கே முப்பது பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஏற்றுமதி படுத்ததில் எந்த ஊரில் அதிக வேலை போயிற்றோ, அங்கே வலை பின்னும் ஆலை வரும் என்றது அரசு. கணக்கெடுக்க வந்தவர் தில்லைநாதன். படிவத்தில் ஒரே கேள்வி: போன வாரம் ஒரு நாளாவது வேலை பார்த்தீர்களா?

அறுபது பேரும் "பார்த்தோம்" என்றார்கள். உண்மைதானே.

அருளாயிக்கு அப்புறம்தான் உறைத்தது. "சார், நாப்பது பேருக்கு வேலை இல்லன்னு எழுதிக்கிடுங்க."

"எந்த நாப்பது பேரும்மா? பேரைச் சொல்லுங்க."

மேஸ்திரி வருகைப் பதிவேட்டோடு பக்கத்திலேயே நின்றார். "ஏட்டி, என் பேரைச் சொல்லிராத" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்து, பாதியில் நின்றது. அருளாயி எல்லா முகத்தையும் பார்த்தாள். வாயில் ஒரு பெயரும் வரவில்லை.

ரோஸ்லின் முன்னால் வந்தாள். "என்னைக் கேளுங்க சார். இப்ப ரெண்டு படிதான் ஊறுது."

"நீங்க கம்பெனி ஆளா?"

"இல்ல."

"அப்ப உங்களுக்குக் கட்டம் இல்லம்மா."

மேலக்கரை முப்பது, கீழமுனை பூஜ்யம் என்று எழுதினார். ஆலை மேலக்கரைக்குப் போயிற்று.

யாரும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் கீழமுனையில் போன வேலை எத்தனை? பிசகு யாருடையது?

விடை: அறுபது பேர், ஆளுக்கு இரண்டு நாள் என்றால் நூற்றிருபது நாள். அது இருபது பேருடைய முழு வேலை. போனது நாற்பது, மேலக்கரையைவிடப் பத்து அதிகம். பிசகு படிவத்துடையது; அது தலையை எண்ணிற்று. நாட்களை எண்ணியது ரோஸ்லினின் அரிசி மட்டும்தான். அருளாயி முறையை இன்னும் கலைக்கவில்லை. கலைத்தால் முதல் பெயரை யார் சொல்வது? மறுமாதம் ரோஸ்லின் கடையை எடுத்துவிட்டாள். நாற்பத்தொன்று. அதை எழுதத்தான் கட்டம் இல்லை.