நீல நோட்டு

“டீச்சரம்மா, நீங்க எதையோ மறைக்கறீங்க.”

குப்புராஜ் உட்காரக்கூட இல்லை. டயர் கடை மாடியில் இருந்த இங்கிலீஷ் வகுப்புக்குப் படியேறி வந்த மூச்சிரைப்போடு கேட்டுவிட்டார்.

பிலோமினா டீச்சருக்கு வயது முப்பத்தொன்று. குப்புராஜுக்கு ஐம்பத்தெட்டு.

“எதைங்க அண்ணா?” என்றாள் அவள், போர்டைத் துடைத்துக்கொண்டே.

“மூணு மாசமா ஒரே பாட்டு. யாரு, என்ன செய்யறாங்க, எதைச் செய்யறாங்க. இதை வெச்சு வாக்கியம் கட்டு, கட்டுங்கறீங்க. இங்கிலீஷ் இவ்வளவுதானா? மிச்சத்தை யாருக்கு ஒளிச்சு வெச்சிருக்கீங்க?”

“பேசப் பேச மிச்சமெல்லாம் தானா வந்து ஒட்டிக்கும்ங்க.”

ஒட்டிக்குமாம்! அவரா நம்புவார்? பொள்ளாச்சி ரோட்டு லாரி எடை மேடையில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்த மனுஷன். டிரைவர் இறங்கிவிட்டானா, இருக்கைக்குக் கீழே பதுங்கிக்கொண்டு எடையைக் கூட்டுகிறானா என்று எட்டி எட்டிப் பார்த்தே பழகிய கழுத்து. பெண்டாட்டி காப்பி கொடுத்தாலும் டம்ளருக்குள் ஒரு நோட்டம் விட்டுவிட்டுத்தான் குடிப்பார்.

அதிலும் அந்த நீல நோட்டு இருக்கிறதே, அதுதான் அவருக்குப் பெரிய சந்தேகம். அவர் வாய் திறந்தால் போதும், டீச்சர் அதில் ஏதோ எழுதுவாள். எழுதி, டிராயரில் போட்டுப் பூட்டுவாள். நம் தப்பையெல்லாம் எழுதி வைத்து ஊரைக் கூட்டிச் சிரிக்கப் போகிறாள் என்று முடிவு கட்டி, ஆறு வாரமாக அவர் வகுப்பில் வாயே திறக்கவில்லை. வீட்டில் மூன்று இலக்கணப் புத்தகம் வாங்கி வைத்து, எழுதிய ஒவ்வொரு வரியையும் மூன்றிலும் சரி பார்த்தார். ஒரே புத்தகத்தை எப்படி நம்புவது?

இப்போது சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார்.

“எம் பொண்ணு சிந்துஜா அயர்லாந்துல இருக்கறா. ஆபரேஷன் பண்ணி, பையன் பொறந்து நாலு நாளாச்சு. எப்ப போன் போட்டாலும் மாப்பிள்ளைதான் எடுக்கறாரு. ‘நல்லாருக்கா மாமா, தூங்கறா’ங்கறாரு. நாலு நாளாவா ஒருத்தி தூங்குவா?”

சீட்டை அவள் முன் நீட்டினார்.

“ஆஸ்பத்திரி நம்பர் கேட்டேன். கேட்ட உடனே குடுத்துட்டாரு. அதுதான் எனக்கு இன்னும் சந்தேகமா இருக்கு.”

“நான் பேசிக் கேக்கட்டுங்களா?”

“வேண்டாம். அவங்க சொன்னதைத்தான் நீங்க எங்கிட்டச் சொல்றீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

டீச்சருக்குக் கோபம் வரவில்லை. தன் செல்போனை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

“அப்ப நீங்களே பேசுங்க.”

“மொதல்ல அந்த நோட்டைக் காட்டுங்க. எத்தனை தப்புன்னு தெரியாம எந்தத் தைரியத்துல நான் வாயைத் திறக்கறது?”

அவள் டிராயரைத் திறந்து, நோட்டை அவர் கையில் கொடுத்தாள்.

முதல் பக்கத்தில் அவர் பெயர். கீழே, முதல் வாரம் அவர் உளறியது உளறியபடியே இருந்தது.

‘லாரி கம். டிரைவர் ஹைட். ஐ சீ.’

பக்கத்தில் டீச்சரின் எழுத்து: ‘லாரி வந்தது. டிரைவர் ஒளிந்துகொண்டான். நான் பார்த்துவிட்டேன்.’

அதற்கும் கீழே, ‘டாட்டர் ஃபார். மை ஹவுஸ் நோ சவுண்ட்.’

பக்கத்தில்: ‘மகள் தூரத்தில் இருக்கிறாள். என் வீட்டில் சத்தமே இல்லை.’

அவர் மடமடவென்று புரட்டினார். கடைசி ஆறு வாரத்துக்குத் தேதி மட்டும் போட்டிருந்தது. கீழே எல்லாம் வெறும் கோடு.

தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பின் அட்டையையும் பார்த்தார்.

“தப்பெல்லாம் எங்கேம்மா?”

“எனக்கு எல்லாமே புரிஞ்சுதுங்களே, அண்ணா.”

குப்புராஜ் நோட்டை மூடி மேஜை மேல் வைத்தார். டீச்சரின் செல்போனை எடுத்து, சீட்டைப் பார்த்து நம்பரை அழுத்தினார்.

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் படபடவென்று என்னவோ சொன்னது. ஆஸ்பத்திரியில் பேசுவதற்கென்று வீட்டிலேயே எழுதி, மூன்று புத்தகத்திலும் சரி பார்த்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்தார். அட கடவுளே, ஒரு எழுத்துகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. காகிதத்தைக் கீழே வைத்துவிட்டார்.

“ஐ... ஃபாதர். சிந்துஜா ஃபாதர். இந்தியா.”

அந்தக் குரல் என்னவோ கேட்டது. அவருக்குப் புரியவில்லை.

“சிந்துஜா ஓகே? ஐ... ஐ ஃபியர்.”

அந்தக் குரல் நின்றது. பிறகு மெதுவாக, ‘ஒன் மினிட்’ என்று இரண்டே வார்த்தை சொன்னது. செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு கதவு திறந்தது.

“அப்பா? நீங்களா பேசினீங்க? ஏம்ப்பா அழுவறீங்க? நான் நல்லாத்தான் இருக்கேன். ராத்திரி பூரா இவன் தூங்க விடறதே இல்ல, அதான் பகல்ல படுத்துத் தூங்கிடறேன்...”

டீச்சர் நீல நோட்டைத் தன் பக்கம் இழுத்து, அன்றைய தேதியைப் போட்டு எழுத ஆரம்பித்தாள்.

குப்புராஜ் எட்டிப் பார்க்கவில்லை.