அட்டையை மீறிய முகம்

கொற்றநல்லூர் சமஸ்தானத்துப் பூபதி மகாராஜாவுக்கு ஒருநாள் சங்கீதப் பத்திரிகை நடத்த ஆசை வந்தது. ‘நாத விலாசம்’ என்று பெயர் வைத்தார். ஜம்புலிங்கத்தைப் பத்திராதிபராக்கினார். ஜம்புலிங்கத்துக்குத் தாளமும் தெரியாது, ராகமும் தெரியாது. மகாராஜாவின் முகக்குறி மட்டும் நன்றாகத் தெரியும். அந்தச் சமஸ்தானத்தில் அது போதும்.

பத்திரிகையைப் பார்த்தால் கண் கூசும். பக்கத்தைச் சுற்றிக் கொடியும் கிளியும் அன்னமும் போட்ட கரை. மகாராஜாவைப் புகழும் வரிகள் புளியங்கொட்டை அளவு எழுத்தில் இருக்கும். பாட்டின் சுரங்களோ கடுகெழுத்தில், அதுவும் மை கலங்கி. ஆனால் எல்லாவற்றையும் விட அட்டைதான் விசேஷம்.

முதல் இதழில் மகாராஜா தம்புராவோடு முழு உருவமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்திலேயே வித்வான்களின் பெயர்கள். அடுத்த மாதம் ஜம்புலிங்கம், “பெரியவர்களுக்குப் படமும் பெரிதாக இருக்க வேண்டும், பிரபு” என்றார். கால் போயிற்று. பிறகு தம்புரா போயிற்று. பிறகு மார்பு போயிற்று. முகம் மட்டும் மாதாமாதம் ஊதிக்கொண்டே வந்தது. வித்வான்களின் பெயர்கள் ஓரத்துக்கு நகர்ந்து, அடிக்கு இறங்கி, ஆடி மாதத்தோடு காணாமலே போயின.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. நவராத்திரி இதழின் அட்டைதான் தர்பார் கச்சேரிக்கு அழைப்பிதழ். அதில் பெயர் இருப்பவர்தான் தர்பாரில் பாடலாம். மகாராஜாவின் முகம் மட்டும் இருந்தால்? மகாராஜா மட்டும் பாடுவார். ஒன்பது இரவும் பாடுவார். அவர் குரலைக் கேட்டவர்கள் இதை நினைத்தே இளைத்துப்போனார்கள்.

ஒருநாள் பாடகி அபயாம்பாள் அரண்மனை விகடகவி மாசிலாமணியைத் தேடி வந்தாள்.

“என் பெயரை எடுத்துட்டாங்க ஐயா. மகாராஜா தன்னைப் பற்றித் தானே எழுதின கீர்த்தனையைப் பாடச் சொன்னார் ஜம்புலிங்கம். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அதுக்குத்தான் இந்தத் தண்டனை.”

“சிரித்தது தப்பும்மா” என்றார் மாசிலாமணி. “என்னைக் கூப்பிடாமல் தனியாகச் சிரித்தாயே, அது பெரிய தப்பு. போ, போய்ச் சாதகம் பண்ணு.”

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கு உள்ளுக்குள் உதைப்புத்தான். மகாராஜாவின் முகத்தைத் தொட்டவன் யாரும் அரண்மனையில் மிஞ்சியதில்லை.

மறுநாள் சபையில் பேச்சை எடுத்தார். “நவராத்திரி அட்டையில் அபயாம்பாள் பெயருக்குக் கொஞ்சம் இடம் வேண்டும், மகாராஜா.”

ஜம்புலிங்கம் துள்ளி எழுந்தார். “எங்கே இருக்கிறது இடம்? பிரபுவின் நெற்றியில் எழுதச் சொல்கிறீரா ஓய்?”

மகாராஜாவுக்கு முகம் சிவந்தது. “மாசிலாமணி! இந்த அட்டையை நீரே செய்யும். என் முகம் போன மாதத்தை விடப் பெரிதாக இருக்க வேண்டும். தாள் பெரிதாகக் கூடாது. முகத்தின் மேல் ஓர் எழுத்தும் படக்கூடாது. அப்புறமும் இடம் இருந்தால் அவள் பெயரைப் போடும். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பும்!”

ஜம்புலிங்கம் சால்வைக்குள் சிரித்தார். மாசிலாமணி நேரே அச்சுக்கூடத்துக்குப் போனார்.

குறித்த நாளில் பட்டுத்துணி மூடிய அட்டையைச் சபைக்குக் கொண்டுவந்தார். துணியை விலக்கினார். தாள் முழுக்கப் பெரிய மேடு ஒன்று. அடியில் இரண்டு குகை.

“என்ன ஓய் இது, மலையா?”

“மகாராஜாவின் மூக்கு. முகம் பெரிதாயிற்று. தாள் பெரிதாகவில்லை.”

“என் கண் எங்கே?”

“தாளுக்கு வெளியே.”

“வாய்?”

“பின்னட்டையில். பல்பொடி விளம்பரத்துக்குப் பொருத்தமாக இருந்தது.”

எங்கோ ஒருவர் தும்முவதுபோலச் சிரித்தார். மகாராஜா பல்லைக் கடித்தார். “காதையும் காணோமே! காது இல்லாமல் ஒரு சங்கீதப் பத்திரிகையா?”

மாசிலாமணி இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார். இடுப்பு முடிச்சை அவிழ்த்து, துத்தநாகத் துண்டுகள் இரண்டை எடுத்து மகாராஜாவின் முன் வைத்தார். படம் அச்சிடும் தகட்டிலிருந்து அறுத்த துண்டுகள். ஒன்றில் வலது காது, ஒன்றில் இடது காது.

“இவை என் வேலை இல்லை, மகாராஜா. முகம் தாளில் அடங்கவில்லை என்று ஆடி மாதமே பத்திராதிபர் அறுத்துப் போட்டவை. அச்சுக்கூடத்துக் குப்பைக்கூடையில் கிடந்தன. அபயாம்பாளின் பெயர் கோத்த அச்செழுத்துகளும் அதே கூடையில்தான் கிடந்தன. ஆடியிலிருந்து நம் பத்திரிகைக்குக் காது இல்லை. பத்திராதிபர் தேடவில்லை. படித்தவர்கள் தேடவில்லை. சபையில் ஒருவரும் தேடவில்லை. சரி, இந்தப் பத்திரிகைக்கு அது வேண்டியதில்லை போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.”

மகாராஜாவின் கை தானாக எழுந்து காதைத் தடவியது. அது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டதுபோல இருந்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“பிழைத்தீர் ஓய்! நவராத்திரி அட்டைக்கு என் முகம் வேண்டாம். ஒரு காது போதும். மிச்ச இடமெல்லாம் பாடுகிறவர்களுக்கு. முதல் பெயர் அபயாம்பாள்!” என்று சொல்லி, காதிலிருந்த வைரக் கடுக்கனைக் கழற்றி மாசிலாமணியிடம் நீட்டினார்.

ஜம்புலிங்கத்துக்குத் தெரிந்தது ஒரே வித்தை. கைகட்டி வந்து நின்று கேட்டார்: “பிரபுவின் காதை எவ்வளவு பெரிதாகப் போடுவது?”

மாசிலாமணி கடுக்கனை மடியில் முடிந்துகொண்டே சொன்னார்:

“பாட்டு உள்ளே போகிற அளவு இருந்தால் போதும்.”