உலக்கைப் பாட்டு நின்ற ஊர்

கேளுங்கள், சிறியவர்களே, பெரியவர்களே. மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே, இன்று பெயர்கூட மிஞ்சாத ஒரு நாட்டை அதிரன் என்ற அரசன் ஆண்ட காலம் அது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. நெல் குத்தும் பெண்கள் யாரை வேண்டுமானாலும் கேலி செய்து பாடலாம். கணவனைப் பாடுவார்கள், மாமியாரைப் பாடுவார்கள், அரசனையும் விடமாட்டார்கள். உலக்கை கையில் இருக்கும்வரை எந்தச் சொல்லுக்கும் தண்டனை கிடையாது.

ஒருநாள் தன் தொந்தியைப் பற்றிய பாட்டு அதிரன் காதில் விழுந்தது. நாமாக இருந்தால் சிரித்திருப்போம். அவனுக்குச் சுருக்கென்றது. முதலில் பாட்டுக்குத் தடை போட்டான். பிறகு வீடுதோறும் சுவரில் துளை போட்டு, ஒட்டுக்கேட்க ஆள் வைத்தான். அதுவும் போதாமல், கேட்டதை ஓலையில் எழுதி வாங்கி, குறை பேசியவர்களைச் சிறையில் தள்ளினான்.

அந்த மழைக்காலத்தில் அரண்மனைக் களஞ்சியம் ஒழுகி, நெல்லில் பூஞ்சணம் பிடித்தது. காவல்காரன் பார்த்தான், வாய் திறக்கவில்லை. சமையல்காரன் பார்த்தான், வாய் திறக்கவில்லை. அரண்மனைக்கு நெல் குத்தும் ஆவுடையும் பார்த்தாள். முன்பென்றால் பாடியே ஊரைக் கூட்டியிருப்பாள். இப்போது தன் வீட்டுக்குள், கணவனிடம் மட்டும் மெல்லச் சொன்னாள். மறுநாளே அவளைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த அரிசிச் சோற்றைத்தான் அரசனின் ஒரே மகளுக்கு, நான்கு வயதுக் குழந்தைக்கு, ஊட்டினார்கள். மூன்று நாள் வாந்தியும் காய்ச்சலுமாகக் கிடந்து குழந்தை கண்ணை மூடிவிட்டது. எத்தனை முறை சொன்னாலும் இந்த இடத்தில் எனக்கு மனசு ஆறுவதில்லை.

அழுது ஓய்ந்த அரசன் களஞ்சியத்தைத் திறந்து பார்த்தான். நெல் குத்தியது யார் என்று விசாரித்து, ஆவுடையைச் சிறையிலிருந்து வரவழைத்தான்.

"நெல் கெட்டது உனக்குத் தெரியும்தானே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, அம்மா?"

"சொன்னேன் ராசா. எங்க வீட்டுச் சுவத்துல இருந்தவரு கேட்டு எழுதிக்கிட்டுப் போனாரு. அதுக்குத்தான் உள்ள கெடக்கேன்."

ஓலையைத் தேடி எடுத்தார்கள். அரண்மனை நெல் கெட்டுப்போச்சு, அந்தப் பச்சப்புள்ளைக்குப் போட்டுறப் போறாங்க என்று அவள் சொன்னது சொன்னபடி இருந்தது. அதன் கீழே, பழிச்சொல் உண்டா என்று மட்டும் பார்த்து, 'அரண்மனையைப் பழித்தாள், சிறை' என்று அரசனே தன் கையால் எழுதியிருந்தான்.

அதிரன் துளைகளை அடைத்தான். சிறையைத் திறந்துவிட்டான். பழையபடி பாடுங்கள் என்று தெருத்தெருவாகப் போய்க் கெஞ்சினான். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு நெல் குத்தினார்கள். அவன் சாகும்வரை அந்த ஊரில் உலக்கைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

ஆகவே, மக்களை அஞ்சாமல் பேசவிடாத அரசு, வீட்டுக்கு வீடு காது வைத்தாலும் தன்னைக் காப்பாற்றும் சொல்லைக் கேட்காது.