பழைய வலையைத் தின்ற சிலந்தி

குளக்கரை நீர்மருது மரத்தில் நூலாண்டி என்றொரு சிலந்தி இருந்தான். அவன் கட்டியிருந்தது பூச்சி பிடிக்கிற வலை இல்லை. காடு முழுவதற்கும் பதில் சொல்கிற வலை.

ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் அதிலிருந்து ஒரு நூல் போகும். மான் தன் நூலைச் சுண்டி, "புலி எந்தப் பக்கம்?" என்று கேட்கும். நடுவில் உட்கார்ந்திருக்கும் நூலாண்டி, "மேட்டுல தூங்குது, பயப்படாம வா" என்று திருப்பிச் சுண்டுவான். முயல் கேட்கும், முள்ளம்பன்றி கேட்கும். எல்லாருக்கும் பதில் உண்டு.

நரிக்கு மட்டும் கிடையாது. நரி குடியிருக்கும் பள்ளத்துப் பக்கம் போகிற நூலில் இறுக்கமாக ஒரு முடிச்சு. அங்கிருந்து எவ்வளவு சுண்டினாலும் நடுவுக்கு வந்து சேராது.

அந்த முடிச்சைப் போட வைத்ததே சிலுப்பி என்ற கௌதாரிதான். தரையில் முட்டையிடுகிற ஜாதி அவள். நரிக்கு அது கைக்கெட்டும் தீனி. "முடிச்சுப் போடறீங்களா, இல்லை இங்கேயே நின்னு கத்தவா?" என்றாள். கௌதாரி கத்தினால் காது தாங்குமா? நூலாண்டி உடனே போட்டுவிட்டான்.

காலப்போக்கில் வலை பழசாயிற்று. வண்டுகள் அங்கங்கே ஓட்டை போட்டன. அந்தச் சமயம் பார்த்து ஒரு தட்டான் பறந்து வந்தான்.

"என்ன அண்ணாச்சி, இன்னும் இந்த அரதப் பழசா? அக்கரையில எல்லாரும் புது நெசவுக்கு மாறிட்டாங்க! பதில் மின்னல் மாதிரி போகும்!"

நூலாண்டிக்கு எட்டுக் கண்ணும் விரிந்தன.

பக்கத்தில் புழு கொத்திக்கொண்டிருந்த சிலுப்பிக்குப் பொறுக்கவில்லை. "மாத்துங்க அண்ணே. யார் வேண்டாம்னா? ஓட்டை விழுந்ததை வச்சுக் கும்பிடவா முடியும்? ஆனா முதல்ல அந்தக் காரைச் செடியில சின்னதா ஒண்ணு கட்டிப் பாருங்க. அது சரியா வர்ற வரைக்கும் பழசு தொங்கட்டும். என் முட்டை பொரியப் போற நேரம்!"

"தங்கச்சி, உனக்கு நூலைப் பத்தி என்ன தெரியும்?" என்று சிரித்தான் நூலாண்டி.

"நூலைப் பத்தித் தெரியாது. நரியைப் பத்தித் தெரியும்! அந்த முடிச்சு புதுசுல வருமா, வராதா?"

"எல்லாம் தானா வரும்மா!" என்றான் தட்டான். "இந்த நெசவுல நீங்க ஒண்ணுமே பார்க்க வேண்டாம்!"

ஒன்றுமே பார்க்க வேண்டாம் என்று எவன் சொல்கிறானோ, அவனைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆனால் இதை யார் நூலாண்டியிடம் சொல்வது?

அன்றைக்கே வேலையை ஆரம்பித்தான் அந்த மகாராஜன். அதுவும் எப்போது? வெயில் தாழ்ந்து, காடே தண்ணீருக்குக் கிளம்புகிற சாயங்காலத்தில்! ஒருவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரசரவென்று பழசை அவிழ்த்தான், புதுசைக் கட்டினான். வலை தகதகவென்று மின்னியது. தட்டான் சுற்றிச் சுற்றி வந்து, "அடடா! அடடா!" என்றான்.

ஈச்சம் புதரில் முட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்த சிலுப்பிக்கு நாக்கு வறண்டது. வழக்கம்போல வாசல் நூலைச் சுண்டி, "நரி எங்கே? நான் தண்ணி குடிச்சுட்டு வரலாமா?" என்று கேட்டாள்.

பதில் இல்லை.

மறுபடி சுண்டினாள். நூல் தொளதொளவென்று அலகோடு வந்துவிட்டது. மறுமுனை எதிலும் கட்டப்படவே இல்லை.

"இது வேறயா!" என்று சிலிர்த்துக்கொண்டு எழுந்தாள். முட்டைகளைச் சருகால் மூடிவிட்டு, நேரே நீர்மருதுக்கு ஓடினாள்.

அங்கே ஒரே களேபரம். முயல் கேட்ட கேள்விக்கு முள்ளம்பன்றிக்குப் பதில் போயிருந்தது. "கேரட் எங்கேன்னு நான் கேட்டேனா?" என்று அது முள்ளைச் சிலுப்பிக்கொண்டு நின்றது. புலி எங்கே என்று கேட்ட மானுக்கு, "நல்வரவு! கேளுங்கள்!" என்பதே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

நூலாண்டி மட்டும் பூரித்துப் போயிருந்தான். "வா தங்கச்சி! ஆரம்பத்துல சின்னச் சின்ன சிக்கல் இருக்கத்தான் செய்யும். ஆனா வேகத்தைப் பார்த்தியா? இன்னிக்கு முதல் தடவையா பள்ளத்துப் பக்கத்துல இருந்தெல்லாம் கேள்வி வருது!"

சிலுப்பி அப்படியே நின்றாள். "பள்ளத்துப் பக்கத்துல இருந்தா? என்ன கேள்வி?"

"கௌதாரி முட்டை எங்க இருக்குன்னு யாரோ கேட்டாங்க. உன் பிறந்த வீட்டு ஆளுங்க போலிருக்கு, பார்க்க வர்றாங்கன்னு நினைச்சேன். பாறைக்குக் கீழே ஈச்சம் புதர்னு உடனே சொல்லிட்டேன்!"

"அட பாவி! பள்ளத்துல எனக்கு எந்தப் பிறந்த வீடுய்யா இருக்கு? அது நரி!"

நூலாண்டி பள்ளத்து நூலைத் தடவித் தடவிப் பார்த்தான். "முடிச்சு... முடிச்சு தானா வரும்னு..."

"வரலை! பழைய வலையைத் திருப்பி மாட்டு. அந்த நூல் ஒண்ணையாவது மாட்டு. சீக்கிரம்!"

நூலாண்டி தலையைக் குனிந்துகொண்டான். "பழசு இல்லை தங்கச்சி."

"எங்கே?"

"தின்னுட்டேன்."

"என்னது?"

"எங்க வழக்கம் அது. நூல் வீணாகக் கூடாதேன்னு, அவிழ்க்க அவிழ்க்கத் தின்னுட்டேன்."

புதுசு நிற்குமா என்று தெரிவதற்குள் பழசு வயிற்றுக்குள்! தட்டானைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே பாதித் தூரம் பறந்திருந்தான். "நெசவுல குத்தம் இல்லைம்மா! கட்டினவர்தான் பொறுப்பு!" என்ற குரல் மட்டும் வந்தது.

அந்த நேரம் வலை அதிர்ந்தது. ஈச்சம் புதருக்குப் பக்கத்தில் போகிற வேறொரு நூலை யாரோ பிடித்துச் சுண்டினார்கள்.

"புதருக்கு வந்துட்டேன். முட்டை எந்தப் பக்கம்?"

நூலாண்டி பழக்கதோஷத்தில் காலைத் தூக்கினான். சிலுப்பி அவனை ஒரே தள்ளாகத் தள்ளினாள். ஓடிப் போய்க் காப்பாற்ற நேரமில்லை. போனாலும் நரியோடு மல்லுக்கு நிற்க முடியாது. முட்டை இருப்பது புதரின் இடப் பக்கம். வலப் பக்கத்தில் ஒரு பெரிய குளவிக் கூடு. யார் கேட்டாலும் பதில் சொல்கிற வலைதானே? சொல்லிவிட்டால் போகிறது!

அலகால் அதே நூலைச் சுண்டினாள். "வலப் பக்கம். ஆழமா இருக்கு. தலையை நல்லா உள்ளே விடுங்க!"

நரி தலையை உள்ளே விட்டது. அப்புறம் காடு அதிர ஓர் ஊளை எழுந்தது! குளவிகள் மொய்த்த மூஞ்சியோடு நரி கண்மண் தெரியாமல் புதரைப் பிய்த்துக்கொண்டு ஓடியது. ஓடியது பள்ளம்வரை நிற்கவில்லை.

சிலுப்பி பறந்தும் ஓடியும் புதரை அடைந்தாள். சருகை விலக்கினாள். நரி ஓடிய ஓட்டத்தில் அதன் கால் பட்டு ஒரு முட்டை நசுங்கிக் கிடந்தது. உள்ளே கிட்டத்தட்ட முழுதாய் வளர்ந்த குஞ்சு. அசையவில்லை. மற்றவை பிழைத்திருந்தன. அவற்றின்மேல் உட்கார்ந்தாள்.

விடிந்ததும் நூலாண்டி துக்கம் விசாரிக்க வந்தான். வந்தவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா?

"கேள்விப்பட்டேன் தங்கச்சி. நல்லவேளை, ஒண்ணுதானே போச்சு!"

சிலுப்பி எழுந்தாள். கழுத்து இறகெல்லாம் குத்திட்டு நின்றது.

"ஒண்ணுதானேவா? உங்க கணக்குல அது ஒண்ணுதான். எனக்கு அது ஒரு பிள்ளை! வலை மாத்தினது தப்பில்லை. கேட்டவளைப் பார்த்துச் சிரிச்சது தப்பு. கூட்ட நேரத்துல கை வச்சது தப்பு. முடிச்சு வந்திருக்கான்னு ஒரு தடவை தொட்டுக்கூடப் பார்க்காம, எவனோ பறந்து போறவன் பேச்சைக் கேட்டது தப்பு. பழசைத் தின்னீங்களே, அந்த வயித்துல என் பிள்ளையும்தான் போச்சு!"

காடு முழுவதற்கும் பதில் சொல்கிறவன், பேசாமல் திரும்பிப் போனான்.

அந்தப் புது வலையை அவனே அறுத்துப் போட்டான். காரைச் செடியில் சின்னதாக ஒன்று கட்டினான். சிலுப்பியைக் கூப்பிட்டு, "நரி மாதிரி சுண்டிப் பாரு" என்றான். அவள் பள்ளத்துப் பக்கம் நின்று சுண்டினாள், கடித்தாள், தொங்கினாள். ஒரு பதிலும் வரவில்லை. அதற்குப் பிறகுதான், யாரும் தண்ணீருக்கு வராத உச்சி வெயிலில், வீடு வீடாகத் தகவல் சொல்லிவிட்டு, மரத்தில் பெரிய வலையைக் கட்டினான். சோதித்த சின்ன வலை செடியிலேயே தொங்கியது. பசித்தபோதெல்லாம் அதைப் பார்த்து எச்சில் விழுங்கினான். தொடவில்லை.

புதியது சரியாக வேலை செய்கிறது என்று சோதித்துத் தெரிந்துகொள்ளும்வரை பழையதை அழிக்காதே. உன் அவசரத்துக்கு விலை கொடுப்பது நீயாக இருக்காது, உன்னை நம்பியவர்களாகத்தான் இருக்கும்.